வெள்ளைக்குப் பயந்த எனெய்தா

எனெய்தா பாந்தோஜா தம் வாழ்நாளின் பிற்பாதியில் வெள்ளை நிறத்தில் எதையும் வாங்கவில்லை. மேசைவிரிப்பு என்றால் மஞ்சள், கைக்குட்டை என்றால் நீலம். அரிசியை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிட்டார். கேட்டவர்களிடம், வெள்ளை அழுக்குத் தாங்காது என்று சொல்லிவைத்தார். உண்மைக் காரணம் தெரிந்தவர் ஒருவர்தான்: அவருடைய தங்கை, பியானோக் கலைஞர் லிந்தால்வா பாந்தோஜா.

நன்றாகத் தெரிந்த ஒன்று திடீரென நினைவிலிருந்து அழிந்துபோவதைப் பெலேமில், ஏன், பிரேசில் முழுவதிலுமே, ‘வெள்ளை வந்துவிட்டது’ என்பார்கள். தேர்வெழுதும் பிள்ளைக்கு அது வரும். பலிபீடத்தின் முன் நிற்கும் மணமகனுக்கும் வரும். பார்த்தவர்கள் சிரித்து மறந்துவிடுவார்கள். இசைத்தாளைப் பார்க்காமல் அரங்கு நிறைந்த கூட்டத்தின் முன் வாசிப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவருக்கு வந்தால் சிரிப்பதற்கு எதுவும் இல்லை.

அவர்களுடைய வீடு பெலேம் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்தது. தந்தை படகுக்காரர்களுக்குக் கயிறும் ஆணியும் தாரும் விற்றார். ஊரைவிட்டுப் போன ஒரு ரப்பர் வணிகரின் வீட்டிலிருந்து வந்த பியானோ, கடைக்கு மேலே துத்தநாகக் கூரையின்கீழ் நின்றது. தாய் பெனெதீத்தாவுக்கு ஒரு சுரம்கூட வாசிக்கத் தெரியாது. ஆனால் சமையலறையில் மீன் அரிந்தபடியே தடுக்கிய விரலைக் கண்டுபிடித்துவிடுவார். “மறுபடியும்!” என்று அங்கிருந்து குரல் வரும். சிறுமி லிந்தால்வா மறுபடியும் வாசிப்பாள். பிற்பகல் மழை கூரையில் இறங்கினால் தாய்க்கு எதுவும் கேட்காது. அப்போது வரும் குரல் வேறு: “நிறுத்துடி. மழை விட்டப்புறம் வாசி.”

அந்த ஊரில் எல்லாமே அப்படித்தான். பல் பிடுங்கக்கூட மழைக்கு முன் அல்லது மழைக்குப் பின் என்றுதான் நேரம் குறிப்பார்கள். மணி சொல்பவரை வெளியூர்க்காரர் என்று தெரிந்துகொள்வார்கள்.

லிந்தால்வா ஒன்பது வயதில் நகரின் பெரிய அரங்கில் முதன்முறை வாசித்தார். பதினைந்தாம் வயதில் ரியோவில் படிக்க உதவித்தொகை கிடைத்தது. தனியாக அனுப்பத் தந்தைக்கு மனம் இல்லை. சுங்க அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த மூத்தவள் எனெய்தாவிடம், “ஒரு வருஷம் மட்டும் கூடப் போயிட்டு வா” என்றார். எனெய்தாவை மணப்பதாக இருந்த மருந்துக்கடைக்காரர் சிறிது காலம் காத்திருந்தார். பிறகு வேறொரு பெண்ணை மணந்தார். அதைப் பற்றி எனெய்தா யாரிடமும் பேசியதில்லை. ஆகவே இங்கும் அதற்குமேல் எழுதுவதற்கில்லை.

அந்த ஒரு வருஷம் முடியவே இல்லை. ஜெனீவாவில் நடந்த போட்டியில் பரிசு வந்தது. அதன்பின் வியன்னா, லிஸ்பன், டோக்கியோ என்று அழைப்புகள் தொடர்ந்தன. லிந்தால்வாவின் இசைத்தட்டுகள் ரியோவின் கடைச் சன்னல்களில் இருந்தன. அவருடைய இடது கையின் கனத்தைப் பற்றி நாளிதழ்கள் பத்தி பத்தியாக எழுதின. எனெய்தா உடைகளுக்கு இஸ்திரி போட்டார், மேடையேறும் முன் தங்கையின் விரல்களை வெந்நீரில் பிடித்துவிட்டார், சந்திக்க வந்த சீமாட்டிகளைக் கதவிலேயே நிறுத்தினார். நீண்ட கப்பல் பயணங்களில், வேறு வேலை இல்லாததால், இசைத்தாள் படிக்கவும் கற்றுக்கொண்டார்.

லிந்தால்வாவுக்கு நாற்பத்தேழு வயது நடந்தபோது, தெற்கே போர்த்தோ அலெக்ரேயில், ஒரு குளிர்கால நிகழ்ச்சியில் அது முதன்முறையாக வந்தது. ஒரு திருப்பத்தில் வழி தவறி, வந்த இடத்துக்கே மீண்டும் வந்தார். இன்னொரு முறையும் சுற்றினார். பிறகு, கண்ணை மூடிக்கொண்டு பள்ளத்தைத் தாண்டுபவரைப் போல, நேராக முடிவுக்குத் தாவினார். கூட்டம் எழுந்து கைதட்டியது. பழைய படைப்பைப் புதிய துணிச்சலோடு அணுகினார் என்று மறுநாள் ஒரு விமர்சகர் எழுதினார்.

விடுதி அறையில் லிந்தால்வா கட்டில் விளிம்பில் காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

“மனா,” என்றார். பெலேம் பெண்கள் அக்காளையும் தங்கையையும் தோழியையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். “எனக்கு வெள்ளை வந்துருச்சு.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“அம்மா இருந்திருந்தா ‘மறுபடியும்’னு கத்தியிருப்பா. சுத்திச் சுத்தி அதே எடத்துக்கு வந்தியே.”

“அந்த வார்த்தைய இனிமே சொல்லாதே. நானும் சொல்லமாட்டேன்.”

அன்றுமுதல் அந்தச் சொல் அவர்களுடைய பேச்சிலிருந்து போயிற்று. அந்தப் பயமோ எனெய்தாவுக்குள் வந்து தங்கிவிட்டது. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஓரத்திரைக்குப் பின்னால், மடியில் இசைத்தாளோடு அமர்ந்தார்; சுரம் சுரமாக விரலை நகர்த்திக்கொண்டே போனார். வாசிப்பவர் தங்கை, வியர்த்தது அக்காவுக்கு. முன்பெல்லாம் இசையைக் கேட்டவர் இப்போது அடுத்த வரியில் காத்திருக்கும் பள்ளத்தை மட்டுமே கேட்டார். கைதட்டல் ஒலித்த பிறகுதான் அவர் ஒழுங்காக மூச்சு விடுவார். வெள்ளைப் பொருள்களை வாங்காமல் நிறுத்தியதும் அப்போதுதான். அது மூடநம்பிக்கை என்று அவருக்கே தெரியும். இருந்தாலும் நிறுத்தினார்.

இப்படிச் சில ஆண்டுகள் கடந்த பின் பெலேமிலிருந்து அழைப்பு வந்தது. அக்டோபரில், மாதாவின் பெரிய ஊர்வலம் நடக்கும் வாரத்தில், சிறுமியாக முதன்முறை வாசித்த அதே அரங்கில் வாசிக்க வேண்டும்.

“இசைத்தாள வெச்சு வாசி, மனா,” என்று எனெய்தா கெஞ்சினார். “நான் பக்கத்துல உக்காந்து பொரட்டறேன். வயசானா எல்லாரும் பண்றதுதானே?”

“வியன்னாவுல வேணும்னா வெச்சு வாசிப்பேன். பெலேம்ல மாட்டேன். ஒன்பது வயசுல மனப்பாடமா வாசிச்சவ, இப்ப பாட்டு மறந்துபோய்த் தாளத் தூக்கிட்டு வந்திருக்கான்னு மீன்சந்தை முழுக்கப் பேசுவாங்க.”

“பேசிட்டுப் போகட்டும்.”

“இல்ல, கேளு. அங்கயும் அது வந்துச்சுன்னா பியானோவ மூடிருவேன். அதோட சரி. மறுபடி தொறக்கமாட்டேன்.”

லிந்தால்வா இதைக் கோபமாகச் சொல்லவில்லை; கடையைச் சாத்தும் வியாபாரியைப் போல அமைதியாகச் சொன்னார். எனெய்தாவை நடுங்கவைத்தது அந்த அமைதிதான். பியானோ மூடினால் தங்கைக்குப் புகழாவது மிஞ்சும். தமக்கு என்ன மிஞ்சும் என்று எண்ணிப் பார்க்க அவருக்குத் துணிவு இல்லை.

பெலேமில் வீடுதோறும் ஊர்வல விருந்துக்கான மரவள்ளி இலை நாள்கணக்காகக் கொதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கரும்பச்சை வாசனை விடுதி அறைக்குள்ளும் வந்தது. எனெய்தாவுக்குப் பசிக்கவில்லை.

நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் ஒத்திகையில், அரங்கத்துப் பியானோவில் நடுவுக்குச் சற்று மேலே, ‘ரே’ என்ற சுரத்துக்கான ஒரு கட்டை அழுத்தினால் இறங்கியது, ஏறுவதற்குச் சோம்பியது. ஈரத்தில் மரம் ஊதியிருந்தது. லிந்தால்வா அதையே மூன்று நான்கு முறை அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“இது ஒட்டுச்சுன்னா என் வெரல் யோசிக்க ஆரம்பிச்சிரும்,” என்றார் மெதுவாக. “வெரல் யோசிச்சா…”

எனெய்தா தொலைபேசியைத் தேடிப் போனார்.

சுருதி சேர்ப்பவர் ஒஸ்மரீனோ நகருக்கு வெளியே இக்கோராசியில் குடியிருந்தார். அவர் வீட்டில் தொலைபேசி கிடையாது. எதிரே இருந்த ரொட்டிக்கடைக்குப் பேசி ஆளைக் கூப்பிடச் சொல்ல வேண்டும். எனெய்தா கூப்பிட்டார்.

“தோனா எனெய்தாவா? ஏக்வா! எத்தன வருஷமாச்சு உங்க கொரல் கேட்டு! தங்கச்சி சௌக்கியமா?”

“சௌக்கியம். நாளைக்கு ராத்திரி வாசிக்கிறா. ஒரு ‘ரே’ ஒட்டுது, நீங்க வந்து பாக்கணும்.”

“பாத்துட்டாப் போச்சு. எப்ப வரட்டும்?”

முப்பது ஆண்டுகளுக்குமேல் கடிகாரத்தைப் பார்த்தே வாழ்ந்த பெண். ரயிலையும் விமானத்தையும் ஒருநாளும் தவறவிடாதவர். ஆனால் ‘ஏக்வா’ என்று வியக்கும் ஊர்க்குரலைக் கேட்டதும் ஊர்ப்பேச்சு தானாக வாயில் வந்துவிட்டது.

“நாளைக்கு மழை விட்டப்புறம் வாங்களேன்.”

“சரிங்க. மழை விட்டதும் கெளம்பிடறேன்.”

அக்டோபர், பெலேமில் மழையை நம்ப முடியாத மாதம். இது இருவருக்கும் தெரியும். சொல்லும்போது இருவருக்கும் நினைவு வரவில்லை.

மறுநாள் பிற்பகல் வானம் துடைத்ததுபோல் இருந்தது. எனெய்தா அரங்கின் பின்வாசலில் நின்று மேலே பார்த்தார், பிறகு தெருவைப் பார்த்தார், மீண்டும் மேலே பார்த்தார். தெருமுனையில், நாக்கை மரக்கவைக்கும் கீரை போட்ட மரவள்ளிச் சாற்றுச் சூப்பு விற்ற பெண் கேட்டாள்: “யாருக்காகங்க காத்திருக்கீங்க?”

“மழைக்காக.”

“அது உங்கள ஏமாத்திரும். இன்னிக்கு வராது. ஒரு கிண்ணம் குடிங்க. நாக்கு மரத்துப்போனா கவலையும் மரத்துப்போகும்.”

குடித்தார். நாக்கு மட்டும்தான் மரத்தது. ரொட்டிக்கடைக்குப் பேசினார். யாரும் எடுக்கவில்லை, ஊர்வல வாரம், கடையைச் சாத்தியிருப்பார்கள். ஆள் அனுப்பலாம் என்றால் தெருக்களில் யாத்ரீகர்கள் நிரம்பி வண்டி நகரவில்லை. இருட்டத் தொடங்கியபோது அவருக்கு முழுவதும் புரிந்தது: ஒஸ்மரீனோ வாக்குத் தவறாதவர். மழை விடுவதற்காக இன்னும் வீட்டில் காத்திருக்கிறார்.

இதைத் தங்கையிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. வெந்நீரில் லிந்தால்வாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

“வந்து பாத்துட்டாரா?” என்றார் லிந்தால்வா.

“ம்,” என்றார் எனெய்தா. தங்கையிடம் அவர் சொன்ன பொய்களில், குடும்பத்துக்குத் தெரிந்தவரை, இது ஒன்றுதான் மன்னிப்புக் கேட்கப்பட்ட பொய்.

அரங்கு மேல்மாடம்வரை நிறைந்திருந்தது. புழுக்கம் தாங்காமல் பக்கத்துச் சன்னல்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டிருந்தார்கள். எனெய்தா ஓரத்திரைக்குப் பின்னால் தம் நாற்காலியில் உட்கார்ந்து இசைத்தாளைப் பிரித்தார். நீண்ட சொனாட்டாவின் முதல் பகுதி நல்லபடியாகப் போயிற்று. ‘ரே’ வரும்போதெல்லாம் அவர் மூச்சைப் பிடித்தார். வேகமான பகுதியில் அதன் சோம்பல் தெரியவில்லை. ஆனால் இரண்டாவது பகுதி மெதுவானது. அதில் அந்த ஒரு சுரம் தனியாக நின்று மீண்டும் மீண்டும் ஒலிக்க வேண்டும்.

முதல் முறை கட்டை ஏறியது. அடுத்த முறை தயங்கி ஏறியது. அதற்கடுத்த முறை லிந்தால்வாவின் விரல் இறங்கியபோது கட்டை ஏற்கெனவே கீழே கிடந்தது, ஒலி வரவில்லை. தங்கையின் முதுகு ஒரு கணம் விறைப்பதை எனெய்தா கண்டார். லிந்தால்வாவின் கைகள் கட்டைகளின் மேல் அப்படியே நின்றன.

வெள்ளை.

எனெய்தாவின் காதில் ரத்தம் இரைந்தது. எழுந்து ஓடுவதா, திரையை இறக்கச் சொல்வதா? நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டார். அந்த அமைதியில் ஒரு பெண் விசிறியை மடக்கியது பெரிதாகக் கேட்டது. அப்போது, பல மூட்டை சரளைக்கல்லை ஒன்றாகக் கூரையில் கொட்டியதுபோல மழை இறங்கியது.

முன்வரிசைக்காரர்கள் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்கள். யாரோ எழுந்து சன்னலைச் சாத்தினார். மேல்மாடத்திலிருந்து ஒரு தடித்த குரல் கேட்டது: “அவசரமில்ல, தோனா லிந்தால்வா! மழை விட்டப்புறம் வாசிங்க!”

அரங்கு முழுவதும் சிரித்தது, கைதட்டியது. மழை பெய்தால் நிறுத்துவதுதானே ஊர் வழக்கம்? நம் ஊர்ப்பெண் மறக்கவில்லை பார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

இங்கே ஒன்றைக் குறித்தாக வேண்டும். மழைச் சத்தம் கேட்டதும் பழைய பழக்கத்தில் கை தானாக நின்றது என்றே பிற்காலத்தில் லிந்தால்வா சொல்லிவந்தார். கை நின்ற பிறகுதான் மழை வந்தது என்பது எனெய்தா சொன்னது. முதலாவதைச் சொல்ல அரங்கு நிறைய ஆட்கள் உண்டு. இரண்டாவதைச் சொல்ல ஒருவர் மட்டுமே.

லிந்தால்வா எழுந்து, கூட்டத்துக்குத் தலைவணங்கி, ஓரத்திரைக்குள் வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

“எங்க விட்டேன்?” என்றார். “மனா, சீக்கிரம் சொல்லு. எந்த எடம்?”

எனெய்தா மடியைப் பார்த்தார். சுரம் சுரமாக ஊர்ந்த விரல் தாளின்மேல் இல்லை. நாற்காலியின் கையைப் பிடித்திருந்தது. எந்தப் பக்கம், எந்த வரி? புள்ளிகள் எல்லாம் எறும்புகளாக ஓடின. இத்தனை ஆண்டுகள் இந்த ஒரு கேள்விக்காகவே அங்கே உட்கார்ந்திருந்தவருக்குப் பதில் வரவில்லை.

“தெரியல,” என்றார், அழுகையை அடக்கி. “எனக்கும்… எனக்கும் வெள்ளை வந்துருச்சு.”

சொல்லக் கூடாத சொல் வெளியே வந்துவிட்டது. லிந்தால்வா அக்காவை உற்றுப் பார்த்தார். அவருடைய உதட்டோரம் துடித்தது. அழப்போகிறார் என்று எனெய்தா நினைத்தார். லிந்தால்வாவோ சிரித்தார், சத்தம் வெளியே போகாமலிருக்கத் திரையை வாயில் அமுக்கிக்கொண்டு சிரித்தார்.

“வாசிக்கிறது நான், வெள்ளை உனக்கா?”

“சிரிக்காதடி. இன்னொண்ணு சொல்லணும். ஒஸ்மரீனோ வரல. வந்தார்னு பொய் சொன்னேன். மழை விட்டப்புறம் வாங்கன்னு நான்தான்…”

வாக்கியம் முடியுமுன் பின்வாசல் கதவு திறந்தது. தொப்பியிலிருந்து நீர் சொட்ட, கருவிப் பையை மார்போடு அணைத்தபடி, ஒஸ்மரீனோ நின்றார்.

“மன்னிக்கணும், தோனா எனெய்தா. எங்க பக்கம் அந்தி சாஞ்சுதான் பேஞ்சுச்சு. விட்டதும் கெளம்பிட்டேன். வழியெல்லாம் ஊர்வலக் கூட்டம், பஸ்ஸு நத்தையாட்டம் வந்துச்சு. இங்க பாத்தா, பேஞ்சு முடிஞ்ச மழை என்னத் தொரத்திக்கிட்டே வந்திருக்கு.” அரங்கிலிருந்து கைதட்டல் கேட்டுத் திகைத்தார். “ஏக்வா! ஆரம்பிச்சிட்டாங்களா?”

“பாதி முடிஞ்சிருச்சு,” என்றார் லிந்தால்வா. “போங்க, போய் அந்த ‘ரே’யப் பாருங்க.”

“எல்லார் முன்னாலயுமா? இந்த ஈரச் சட்டையோடயா?”

“மழைதானே? யாரும் தப்பா நெனைக்கமாட்டாங்க.”

அவர் மேடைக்குப் போனதும் மேல்மாடம் மீண்டும் ஆரவாரித்தது. “மாஸ்திரோ, நல்லா வாசிங்க!” என்று யாரோ கத்த, ஒஸ்மரீனோ கூச்சத்தோடு தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பியானோவுக்குள் தலையை விட்டார்.

எனெய்தா தங்கையின் கையைப் பற்றினார். “நல்லவேளை. யாருக்கும் தெரியாது. எல்லாரும் மழைனு நெனச்சுட்டாங்க. ரெண்டாம் பகுதிய மொதல்லருந்து வாசிச்சிரு. வந்த வழியே போயிரலாம்.”

லிந்தால்வா கூரைச் சத்தம் மெலிவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒஸ்மரீனோ அந்தக் கட்டையைத் தட்டிப் பார்க்கும் ஒலி வந்தது: ரே, ரே, ரே. ஒவ்வொன்றும் சுத்தமாக ஏறியது. இருந்தும் லிந்தால்வாவின் உள்ளங்கை சில்லிட்டிருந்தது.

“இன்னிக்கு மழை காப்பாத்துச்சு,” என்றார் கடைசியில். “அடுத்த தடவ? வியன்னாவுல யாரு மழைக்கு நிறுத்துவா? உன் மூஞ்சியப் பாரு, மனா. எத்தன வருஷமா இப்படி உக்காந்திருக்க? நான் ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கலயே.” பிறகு இசைத்தாளை அக்காவின் மடியிலிருந்து எடுத்தார். “ரெண்டு பேருக்குமே மறந்துபோச்சு. வா, ரெண்டு பேரும் பாத்து வாசிக்கலாம்.”

“நானா? மேடைக்கா? அய்யோ, மாட்டேன். கால் வராதுடி. இந்தச் செருப்பப் பாரு!”

“உன் செருப்ப யாரு பாக்கறா? நாற்காலியத் தூக்கு.”

மழை விட்டது. எனெய்தா, பிடித்திருந்த நாற்காலியை விடாமலே, விளக்கொளிக்குள் நடந்தார். பெலேம் முழுவதும் தம்மையே பார்ப்பதுபோல் இருந்தது. தங்கை எல்லார் கண்ணெதிரே தாளைப் பியானோவின் மேல் விரித்துவைப்பதைக் கண்டார்; மீன்சந்தை நாளை என்ன பேசும் என்று நினைத்தார். பியானோ மூடப்படவில்லை என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை. பக்கத்தைச் சரியான இடத்தில் புரட்ட வேண்டுமே என்ற ஒன்றுதான் மனத்தில் இருந்தது.

லிந்தால்வா இரண்டாம் பகுதியைத் தொடங்கினார். எனெய்தா வரியைப் பின்தொடர்ந்தார். முதல் பக்கத்தின் கடைசி வரி வந்தது. எழுந்தார், வியர்த்த விரலால் தாளின் மூலையைப் பிடித்தார், புரட்டினார். உட்கார்ந்த பிறகுதான் கண்டார்: எதிரே இருந்த சுரங்களுக்கும் ஒலித்தவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. பாழாக்கிவிட்டேன், நானே பாழாக்கிவிட்டேன் என்று திரும்பி, தங்கையின் கைகளைப் பார்த்தார்.

கைகள் நிற்கவில்லை. ‘ரே’ தனியாக நின்று ஒலித்தது, மீண்டும் ஒலித்தது. லிந்தால்வாவின் கண்கள் தாளிலேயே இல்லை.

“ரெண்டு தாளச் சேத்துப் பொரட்டிட்ட, மனா,” என்றார் உதடு அசையாமல், வாசிப்பை நிறுத்தாமல். “மெதுவா ஒண்ணத் திருப்பு. நான் எங்கயும் போயிரல.”